இருநூறு என்று சொன்ன தெரசம்மாள்

தாராவியில் பீட்டர் சால் என்கிற வரிசை வீடுகளில் தெரசம்மாளின் வாய்க்கு அஞ்சாத ஆம்பளை கிடையாது. உவரியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வாய் அவ்வளவு நீளமில்லை. புருஷன் ஏசுதாஸ் டிராம்பே பக்கம் ஒரு ஆலையில் காண்ட்ராக்ட் கூலியாக வருஷக்கணக்கில் புகையைக் குடித்துவிட்டு, இருமி இருமி ஒருநாள் அடங்கினான். இருதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"எல்லா மனுசனுக்கும் கடைசியில இருதயம்தான் நிக்கும். இத எழுதவா இத்தன வருசம் படிச்சிய?" என்று டாக்டரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்துதான் அந்த வாய்க்குப் பேர்.

புருஷன் போனபின் வீட்டுக் கீழ்த்தட்டில் மெஸ் போட்டாள். தோல் பை தைக்கிற பட்டறைப் பையன்கள், ரெடிமேட் சட்டைக்குக் காஜா எடுக்கிறவர்கள், எல்லோருக்கும் மதியம் சோறும் மீன் குழம்பும். மேல்தட்டை வாடகைக்கு விட்டிருந்தாள். அங்கே மேலப்பாளையத்துப் பையன் தப்ரேஸும் அவன் பெண்டாட்டி சஃபீனாவும் இருந்தார்கள். தப்ரேஸ் அதே சந்தில் அப்துல் வாஹித் முதலாளியின் பட்டறையில் பை தைத்தான். சஃபீனா அதிர்ந்து பேசமாட்டாள். ஆனால் தெரசம்மாள் யாரையாவது வைதுகொண்டிருந்தால் மாடி ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்து சிரிப்பாள்.

"மாமி, அந்த ஆளு போயி ரொம்ப நேரமாச்சு. யார ஏசுறீங்க?"

"போனா என்னட்டி? மிச்சம் இருக்குல்ல, அத யாரு ஏசி முடிக்கது?"

அந்த மழைக்காலத்தில் பீட்டர் சாலுக்குக் காமாலை வந்தது. பம்பாய்க்காரர்கள் பீலியா என்பார்கள். சந்துக்குத் தண்ணீர் வரும் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. துருப்பிடித்துப் பல இடங்களில் ஓட்டை. காலையில் முதல் குடம் தேயிலைத் தண்ணீர் நிறத்தில், முகர முடியாத வாடையோடு வரும். அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது குடத்தைப் பிடித்துக் குடிப்பார்கள். கொட்டியதோடு அழுக்கும் போய்விட்டது என்று நம்புகிற அளவுக்கு அறிவாளிகள்.

முதலில் பட்டறைப் பையன்கள் சிலர் சோற்றைப் பார்த்ததும் எழுந்து ஓடினார்கள். பிறகு கண் மஞ்சளாயிற்று. தெரசம்மாள் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்க் கட்டுக்கட்டாகக் கீழாநெல்லி வாங்கிவந்து, அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். காரணத்தையும் அவளே சொன்னாள்: ரோட்டோரக் கரும்புச் சாறு.

வார்டு சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு மராட்டிப் பெண் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். யாருக்காவது காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, கண் மஞ்சளா? தெரசம்மாள் கரண்டியோடு வாசலில் நின்று, "இதர் குச் நை. சப் டீக். ஜாவ், ஜாவ்" என்று விரட்டினாள். ஒன்றுமில்லையாம், எல்லோரும் சுகமாம். உள்ளே பாயில் ஒருத்தன் மஞ்சள் பூசின மாதிரி சுருண்டு கிடந்தான். ஆமாம் என்று சொன்னால் மெஸ்ஸை மூடச் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரி தன் மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று மறைத்தாள். வாஹித் முதலாளி பட்டறையை சீல் வைத்துவிடுவார்கள் என்று மறைத்தார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பீட்டர் சாலிலோ காமாலைக் கண்ணைக் கண்டதாகச் சொல்ல ஒரு நாதியில்லை. அந்தப் பெண் வரிசையாக 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போனாள். அவளுக்கும் நடக்கவேண்டிய சந்துகள் நிறைய இருந்தன.

சஃபீனாவுக்கு அப்போது ஏழாம் மாசம். அவள் வாந்தியெடுத்தபோது பிள்ளைத்தாய்ச்சி வாந்தி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தெரசம்மாளும் அப்படித்தான் சொன்னாள். புளி போட்ட ரசம் வைத்துக் கொடுத்தாள். ஏணியில் ஏறி அந்த ரசத்தை நீட்டியபோதுதான், ஜன்னல் வெளிச்சத்தில் பெண்ணின் கண்ணைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்தது.

"ஏட்டி, என்னைக்கிலேர்ந்து இப்படி இருக்கு?"

"தெரியல மாமி. சொரிச்சலா இருக்கு. தூக்கம் தூக்கமா வருது."

அறுபதடி ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்கில் விரலில் குத்தி ரத்தத்தைச் சின்னக் கார்டில் விட்டுப் பார்த்து, தண்ணீரால் வருகிற காமாலைதான், கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தப்ரேஸ் அவளை டாக்ஸியில் தூக்கிப் போட்டான். தெரசம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கூட ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சஃபீனா பேச்சு குழறி, தப்ரேஸை யாரென்று கேட்டாள். இரண்டு நாள் மூச்சு மட்டும் ஓடியது. பிறகு அதுவும் இல்லை. வயிற்றுப் பிள்ளை அதற்கு முன்பே அடங்கியிருந்தது.

கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போக வழக்கமில்லை. தெரசம்மாள் ரோட்டு முனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அன்று யாரையும் வையவில்லை. சந்தே பயந்து போயிற்று.

குழாயை மாற்றச் சொல்லி ஆபீஸுக்குப் போகலாம் என்று சொன்னது தப்ரேஸ்தான். "மத்தவங்களாவது இருக்கட்டும் மாமி" என்றான். அவன் கேட்டது அவ்வளவே.

வார்டு சுகாதார அதிகாரி டாக்டர் சுந்தரராமன் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே ஃபிளாட், நெற்றியில் மெல்லிய கீற்று, நல்ல மனுஷர். மேஜைக்கு எதிரே இருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பாட்டில் தண்ணீர். தெரசம்மாள் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க சந்துலேர்ந்து ஆஸ்பத்திரி லேப் மூலமா வந்த கன்ஃபர்ம்டு கேஸ் மூணுதாம்மா. மூணை வெச்சிண்டு அவுட்பிரேக்னு நான் எழுத முடியாது. எழுதினாத்தான் தண்ணி டிபார்ட்மென்ட் குழாயைத் தோண்டுவா."

"இந்தப் பையன் பெண்டாட்டி?" என்றாள் தெரசம்மாள்.

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். "சந்தேகக் கேஸ்னு இருக்கு."

"செத்ததுலயா சார் சந்தேகம்?"

"செத்ததுல இல்லைம்மா. காரணத்துல. ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தம் லேபுக்குப் போறச்சே கெட்டுப் போயிடுத்து. மெஷினால படிக்க முடியலை. நீங்க வெளில பார்த்த கார்டு டெஸ்ட்டை நாங்க ஏத்துக்கறதில்லை. இன்னொரு சாம்பிள் இருந்தா…"

"இருக்கே" என்றாள் தெரசம்மாள். "கபர்ஸ்தான்ல இருக்கா. ஊசிய எடுத்துக்கிட்டுப் போங்க. இந்தத் தடவ ஐஸ் பெட்டியும் கொண்டு போங்க."

தப்ரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் மெதுவாக. "எங்க பொண்ணு வீடு வீடா வந்தாளே. உங்க சந்து பூராவும் ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கே. யார் சொன்னா?"

தெரசம்மாள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஏசுதாஸ் செத்த நாளிலிருந்து அந்த வாய்க்கு இப்படி நேர்ந்ததில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வெளியே படிக்கட்டில் ராஹில் என்று ஒரு பையன் மைக்கோடு நின்றுகொண்டிருந்தான். ஏதோ ஒரு ஹிந்தி சேனல். குப்பை லாரிப் பிரச்சினைக்கு யாராவது சிக்குவார்களா என்று வந்தவன். தப்ரேஸின் முகத்தைப் பார்த்ததும் குப்பையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். தெரசம்மாளே பேசினாள், தனக்குத் தெரிந்த ஹிந்தியில். சாக்கடைக் குழாய், பீலியா, பிள்ளைத்தாய்ச்சி செத்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கித்னே கேஸ் ஹை, ஆண்ட்டி? நம்பர் போலோ, நம்பர்" என்றான்.

செத்துப்போனவளின் பேரை அவன் கேட்கவில்லை. நம்பர் வேண்டுமாம்.

"தோ சௌ" என்றாள் தெரசம்மாள். "லிக்கோ! தோ சௌ!"

இருநூறு. அந்த எண் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. எண்ணிப் பார்க்கவில்லை. பீட்டர் சாலில் கைக்குழந்தையைச் சேர்த்தாலும் இருநூறு தலை தேறுமா என்பதே சந்தேகம்.

சாயங்காலமே சேனலில் சிவப்புப் பட்டையில் ஓடியது: தாராவியில் இருநூறு பேருக்குக் காமாலை. மறுநாள் பத்திரிகைகள் அதை எடுத்துக்கொண்டன. ஒரு பத்திரிகை 'இருநூறுக்கும் மேல்' என்றது. பழைய கார்ப்பரேட்டர் திருவேங்கடம், அடுத்த தேர்தலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவர், 'முன்னூறை மறைக்கிறார்கள்' என்று அறிக்கை விட்டார். அவர் எண்ணுவதற்கு சந்துக்குள் காலெடுத்து வைக்கவேண்டிய அவசியம்கூட நேரவில்லை. ஆபீஸ் பதறிப்போய் 'மூன்றுதான், மூன்றே மூன்றுதான்' என்று மறுப்பு விட்டது. மறுப்பு விட்டால் நிரூபிக்க வேண்டுமே. மூன்றாம் நாள் பீட்டர் சால் வாசலில் பந்தல் போட்டு ரத்தப் பரிசோதனை முகாம். அதே வேகத்தில் ஜேசிபி வந்து சாக்கடையைப் பிளந்தது. பத்து வருஷமாக மனுப் போட்டும் அசையாத குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார்கள்.

ஒரு பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் செத்தபோது அசையாத மண்வெட்டி, ஒரு பொய்யைக் கேட்டதும் ஓடிவந்தது. புதுக் குழாயில் தண்ணீர் வந்த காலையில் சந்துக்காரிகள் குலவை போடாத குறை. தெரசம்மாள் குடத்தை நிரப்பி, முகர்ந்து பார்த்தாள். நல்ல தண்ணீர்தான். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

முகாமில் நடந்த கூத்து தனி. நோய் வந்தபோது மறைத்தவர்கள் எல்லோரும், குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் தருகிறார்கள் என்று தெரிந்ததும் இல்லாத வாந்தியைச் சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உண்மையிலேயே படுத்துக் கிடந்த பட்டறைப் பையன்களில் பாதிப் பேர் அதற்குள் தேறியிருந்தார்கள். மீதிப் பேரை அவரவர் முதலாளிகள் ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள். ஆக, இருந்தவர்களைப் பிடித்துக் குத்தி, பதினேழு என்று ஒரு எண் வந்தது. அந்தப் பதினேழும் சரியில்லை, மூன்றும் சரியில்லை, இருநூறு கேட்கவே வேண்டாம். சரியான எண் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

இதற்குள் வெளியே பேர் கெட்டுப் போயிற்று. 'காமாலைச் சந்து' என்றார்கள். வாஷியில் இருந்த ஒரு ஏற்றுமதிக் கம்பெனி வாஹித் முதலாளிக்குக் கொடுத்திருந்த பை ஆர்டரை நிறுத்தியது. பட்டறையில் மெஷின்கள் துணி போர்த்திக்கொண்டன. தெரசம்மாளின் மெஸ்ஸில் ஈ கூட உட்காரவில்லை. வாஹித் வெள்ளை ஜிப்பாவோடு அவள் வாசலில் வந்து நின்றார். எப்போதும் சிரித்த முகம், அன்று இல்லை.

"தெரசம்மா, நான் உங்கள ஒண்ணு கேக்கேன். இருநூறு பேரு எங்க இருந்தாவ? யாரு எண்ணினது?"

"யாரும் எண்ணல. வாயில வந்தத நான்தான் சொன்னேன்."

"என் பட்டறைய மூடிட்டியளே!"

"மூணுன்னு சொன்னவன் எண்ணினானா? அந்த மூணுல உங்க பட்டறைப் பையன் எத்தன பேரு? ஒருத்தனக்கூட நீங்க காட்டலியே. ராத்திரியோட ராத்திரியா ரயிலேத்துனிய. நீங்க காட்டியிருந்தா, நான் காட்டியிருந்தா, நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

சஃபீனாவின் சாவுக்கு முதல் ஆளாக வந்து கபர்ஸ்தான் செலவெல்லாம் பார்த்தவர் வாஹித் முதலாளிதான். அது அவளுக்கும் தெரியும். அதனால் அடுத்து வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "உக்காருங்க, டீ போடுதேன்" என்றாள். அவர் உட்காரவில்லை.

மழை விட்டதும் நோயும் விட்டது. ஆபீஸ் ஒரு அறிக்கை வெளியிட்டது: உறுதியானவை பதினேழு, துரித நடவடிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது, உயிரிழப்பு இல்லை. உயிரிழப்பு இல்லை என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம் பொங்கியது. 'முன்னூறு' என்று முழங்கிய திருவேங்கடமே பாராட்டு விழா எடுத்தார். மாற்றிப் பேசுவதற்கு அவருக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. கல்யாண ஹால் ஒன்றைப் பிடித்து, தன் படத்தைப் பெரிதாகவும் தண்ணீர்க் குழாயைச் சிறிதாகவும் போட்டு பேனர் கட்டினார். ஆபீஸ்காரர்களுக்குச் சால்வை, முகாம் நர்ஸ்களுக்குப் பூச்செண்டு, வந்தவர்களுக்குப் பிரியாணிப் பொட்டலம். தைரியமாகக் குரல் கொடுத்த தாய்க்குலம் என்று தெரசம்மாளுக்கும் ஒரு சால்வை.

"போகாதீங்க மாமி" என்றான் தப்ரேஸ்.

"போறேன்ல. அந்த நாடகத்தையும் பாத்துட்டு வாறேன்."

மேடையில் சுந்தரராமன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். போட்ட சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவேங்கடம் மைக்கைப் பிடித்து, "ஒரு உயிர்கூடப் போகாமல் ஒரு பெருநோயை விரட்டியடித்த மண் இது!" என்றார். கைதட்டல். பிறகு தெரசம்மாளைக் கூப்பிட்டார். அவள் சால்வைக்குக் கழுத்தை நீட்டாமல் மைக்குக்குக் கையை நீட்டினாள்.

"இருநூறுன்னு நான் சொன்னது பொய்யி" என்றாள். "எண்ணிச் சொல்லல. வயித்தெரிச்சல்ல சொன்னேன். அந்தப் பொய்ய நம்பி முகாம் போட்டிய, குழாய் போட்டிய, இப்ப சால்வையும் போடுதிய. எங்க மாடியில சஃபீனான்னு ஒரு பிள்ள இருந்தா. வயித்துப் பிள்ளையோட செத்தா. அது பொய்யில்ல. அத எவனும் எண்ணல. வீடு வீடா வந்து கேட்ட அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு விரட்டுனதும் நான்தான். நான் மட்டுமா? இங்க முன்வரிசையில உக்காந்து கைதட்டுதியளே, நீங்களுந்தான். அந்தப் பிள்ளைக்கு முன்னால எத்தன பேருக்கு வந்துச்சோ, அத நாம சொல்லியிருந்தா…"

அவ்வளவுதான். திருவேங்கடம் மைக்கை வாங்கிவிட்டார். "அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. அம்மாவுக்கு ஒரு கைதட்டு!" என்றார். ஹாலே கைதட்டியது. தன்னை வைததற்கும் கைதட்டுகிற ஜனத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். பின்னால் பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசை நின்றாயிற்று.

படியிறங்கும்போது சுந்தரராமன் வேகமாக வந்து வழிமறித்தார். மூச்சு வாங்கியது.

"அந்தக் கேஸை மறுபடி கமிட்டிக்கு அனுப்பியிருக்கேம்மா. கார்டு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்துத்தான். எனக்குத் தெரியும், இதுனாலதான் போனா. ஆனா எனக்குத் தெரியறதை நான் எழுத முடியாது. நிரூபிக்கறதைத்தான் எழுத முடியும்."

"அப்ப அந்த அறிக்கையில 'உயிரிழப்பு இல்ல'ன்னு எழுதுனியளே, அத யாரு சார் நிரூபிச்சா?"

அவள் பதிலுக்கு நிற்காமல் மிச்சப் படிகளை இறங்கிப் போனாள்.

தப்ரேஸ் கிறிஸ்துமஸுக்கு முன்பே மாடியைக் காலி செய்துகொண்டு கோவண்டியில் ஒரு சொந்தக்காரன் வீட்டுக்குப் போய்விட்டான். வேலை வாஹித் பட்டறையிலும் மதியச் சோறு மெஸ்ஸிலும்தான். நின்றுபோன ஆர்டரில் பாதி திரும்பி வந்திருந்தது. பையன்களும் ஒவ்வொருத்தனாக ஊரிலிருந்து வந்தார்கள். தெரசம்மாள் குடிதண்ணீரைக் கொதிக்க வைக்க ஆரம்பித்திருந்தாள். கேஸ் வீணாகிறதே என்று கேட்டவனை, "உன் குடலவிட கேஸு விலை ஜாஸ்திதான்ல" என்றாள். வாய் திரும்பிவிட்டது என்று சந்துக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் சுந்தரராமன் போன் செய்தார். அவள் நெத்திலி உருவிக்கொண்டிருந்தாள். கமிட்டி கூடிப் பார்த்ததாம். மரணத்துக்கான காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்று முடித்துவிட்டார்களாம். "சந்தேகம்ங்கறதுலேர்ந்தும் பேரை எடுத்துட்டா" என்றார்.

"அப்ப இனி எதுலயுமே இல்லியா சார்?"

"இல்லைம்மா."

அவள் போனை வைத்தாள். வைவதற்கு அவளிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. கேட்கத் தகுதியான காதுதான் எதிரே இல்லை. தப்ரேஸ் பெஞ்சில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் மறைக்காமல் அப்படியே சொன்னாள். அவன் முழுதும் கேட்டான். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்புச் சட்டியையும் அடுப்பிலிருந்து இறக்கி அவன் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.